எடைக்கல் வண்டி

காலை நாலே முக்கால். சாஸ்கடூன் கிடங்கின் பின்வாசல்.
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஓரெஸ்ட் வண்டியை உறுமவிட்டுக் காத்திருக்கிறார்.
பின்னால் இருபது எடைக்கற்கள், ஒவ்வொன்றும் ஐந்நூறு கிலோ.
அவற்றையும் அவ்வப்போது யாரோ நிறுத்துப் பார்த்து
முத்திரை குத்தி அனுப்புகிறார்கள்.
எனக்கு அந்த வசதி இல்லை.

கிண்டர்ஸ்லிக்கு இரண்டு மணி நேரம், சாலை நல்லபடி இருந்தால்.
கோதுமை லாரிகள் ஏறும் தராசு மேடை
இருபது கிலோ பொய் சொன்னாலும்
எங்கள் கற்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

கம்பெனி விதி எளிது.
ஸ்டீயரிங் பிடித்தவர் வேலையில் இருக்கிறார்.
பக்கத்தில் உட்கார்ந்தவர் பயணத்தில் இருக்கிறார்.
அவர் கடிகாரம் கிடங்கிலேயே ஓடத் தொடங்கும்.
என்னுடையது,
என் பூட்ஸ் தராசு மேடையில் பதிந்த பிறகு.

பயணத்தில் நான் செய்பவை:
போன வருட அளவுகளைப் படிப்பது,
மேடையில் பனி வழித்தாகிவிட்டதா என்று போன் போட்டுக் கேட்பது,
ஆரஞ்சு உரித்து அவர் கையில் வைப்பது,
பேசுவது, அவர் இமை தாழும்போது இன்னும் உரக்கப் பேசுவது.
டிசம்பரில் ஒரு மான்.
"இடப்பக்கம்!" என்று கத்தியது நான்.
பிரேக்கை மிதித்தது அவர்.
சம்பளம் பிரேக்குக்கு.

வாரம் நாற்பது மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு.
என் உடம்பில் ஐம்பத்து நாலு,
என் தாளில் முப்பத்தொன்பதரை.
ஒவ்வொரு வாரமும் முள் அங்கேயே வந்து நிற்கும்.
எங்கள் தொழிலில் அப்படி நிற்கும் முள்ளுக்குப்
பழுது என்று சீட்டு ஒட்டுவோம்.

மார்லிஸிடம் கேட்டேன். சம்பளக் கணக்கு அவள் மேஜை.
"அந்த நேரத்தில் நீ தூங்கலாமே, கோரின்?"
நான் தூங்கினால் ஓரெஸ்டும் தூங்குவார் என்றேன்.
திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.
உண்மையாகவே வருத்தப்பட்டாள்.
"அதற்குக் குறியீடு இல்லை."

அந்த வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து,
மேடையைவிட்டு வண்டியை இறக்கும் முன்
"கொஞ்சம் இறங்கு" என்றார் ஓரெஸ்ட்.
இறங்கினேன். ஏறச் சொன்னார். ஏறினேன்.
எண்பது கிலோ வித்தியாசம்,
பூட்ஸ், ஜாக்கெட், பையிலிருந்த ஆரஞ்சு எல்லாம் சேர்த்து.
சீட்டை அச்சடித்து என் மடியில் போட்டார்.
ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவுமில்லை.

ரோஸ்டவுனில் காற்று தரையிலிருந்தே பனியைக் கிளப்பியது.
எதிர் விளக்குகள் பட்டுப் பட்டு
அவர் கண்ணில் வெள்ளை தங்கிவிட்டது.
பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திச் சாவியை நீட்டினார்.
இருவருக்கும் தெரியும்:
வியாழனே நாற்பதைத் தாண்டியவர் அவர்.
இனி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும்
அவர் தாளிலிருந்து கழிந்து என் தாளில் ஏறும்.

நான் ஓட்டினேன்.
அரை மணியில் நாற்பதைத் தாண்டினேன்.
வெளியே பார்க்க எதுவும் இல்லை.
அவர் ஆரஞ்சு உரித்தார், சுளையில் நார் விட்டு, மோசமாக.
மூன்றாவது தடவையாகத் தன் மகளின் நாய் கதையைச் சொன்னார்.
மைல்கற்களை வாய்விட்டு எண்ணினார்.
நான், நல்லெண்ணத்தில்தான்,
"நீங்கள் தூங்கலாமே" என்றேன்.

சொன்ன பிறகு அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது.

நாய்க் கதை நின்றது.
பிறகு, கண்ணாடியில் படிந்த ஆவியைக் கைக்குட்டையால் துடைத்தபடி,
"வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கு, பள்ளம்" என்றார்.

கிடங்கில் இரண்டு தாள்களை நிரப்பினோம்.
திரும்பிய வழியைக் கூட்டினால் சரியாக ஓர் ஆள் வருகிறது.
என் தாளில் எடைச்சீட்டைப் பின் அடித்தேன்.
பிறகு யோசித்து, பின்னைப் பிடுங்கி,
அவர் தாளில் அடித்தேன்.

திங்கட்கிழமை மார்லிஸ் இரண்டையும் திருப்பி அனுப்பினாள்.
இணைப்பு எதற்கு, யாருடையது, என்ன எடை?
நாலே முக்காலுக்கு வண்டி உறுமிக்கொண்டிருந்தது.
சாவி ஸ்டீயரிங்கில் தொங்கியது.
ஓரெஸ்ட் எந்தப் பக்கக் கதவையும் திறக்காமல்
பனியில் நின்றிருந்தார்.